கரடியின் ஜீப்பும் ஐந்து நல்ல ஃபில்டர்களும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. என்ன செய்ய, நான் சொல்லப்போகிற காட்டில் சிங்கம் இல்லை. இருந்ததை வேறு காட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதன் நாற்காலி மட்டும் செக்போஸ்டில் ஒரு துண்டு போர்த்தியபடி காலியாகக் கிடந்தது. கூடுதல் பொறுப்பைப் பெருந்தேவி என்கிற யானை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த நாற்காலி பற்றாது. அதனால் பக்கத்தில் நின்றபடியே கையெழுத்துப் போடுவார். ஆகவே, ஒரு காட்டில் ஒரு ஜீப் இருந்தது என்று ஆரம்பிக்கிறேன்.

ஜீப் கரியமாணிக்கம் என்கிற கரடியுடையது. வனத்துறை வேண்டாம் என்று தள்ளிய வண்டி. கரியமாணிக்கத்தைவிட வயதில் மூத்தது. இடது பக்கம் திருப்பினால் மட்டும் ஹாரன் அடிக்கும். வலது கதவைக் காட்டுக்கொடியால் கட்டியிருந்தான். ஆனால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கியரைப் போட்டுவிட்டால் பாறையாவது பள்ளமாவது, முனகிக்கொண்டே ஏறிவிடும். காலையில் கரியமாணிக்கம் பல் தேய்க்கிறானோ இல்லையோ, தேக்கிலையை எடுத்து ஜீப்பின் முகத்தைத் துடைத்துவிடுவான். "என் ராசாத்தி" என்று கொஞ்சுவான். தன்னை ஒருநாள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை என்று அவன் பெண்டாட்டி காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மாசி மாதம் முடிகிற சமயம். அடிவாரத்துச் சேத்துக்குட்டையிலிருந்து மெல்லம்மா என்கிற ஆமை அவனைப் பார்க்க வந்தாள். குட்டையிலிருந்து கரடி வீட்டுக்கு நமக்கென்றால் பத்து நிமிஷ நடை. அவள் மூன்று நாளைக்கு முன்பே கிளம்பியிருந்தாள்.

"தம்பி," என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "குட்டையில தண்ணி வத்துது. நாங்க பதினோரு பேரு. மேலச்சுனைக்குப் போயிரணும். நடந்தா ரெண்டு மாசம். தண்ணி ஒரு மாசம் தாங்காது. வழியெல்லாம் கொதிக்கிற பாறை வேற. ஒன் வண்டியில ஏத்திக் கொண்டுபோய் விட்டுர்றியா?"

கரியமாணிக்கத்துக்கு இளகிய மனசு. "அக்கா, அரை நாள் வேலைக்கா மூணு நாள் நடந்து வந்தீங்க? நான் இருக்கேன். ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாத்தணும், அது ஒண்ணுதான் பாக்கி. மாத்துன மறுநாள் கிளம்பிருவோம்."

"குட்டையில ஒரு மூங்கில் குச்சி நட்டு, விரக்கடைக்கு ஒண்ணா கோடு போட்டு வச்சிருக்கேன். நான் கிளம்புறப்ப பன்னெண்டு கோடு தண்ணி. மூணுக்குக் கீழ போனா சேறுதான். சேறாயிட்டா எங்க குஞ்சு குளுவானெல்லாம் தாங்காது. அதுக்குள்ள பாத்துக்க" என்று சொல்லிவிட்டு மெல்லம்மா திரும்பினாள். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் கரடி குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டு எழுந்துவிட்டான்.

நியாயமாகப் பார்த்தால் கதை அடுத்த நாளே முடிந்திருக்க வேண்டும். ஃபில்டர் என்பது என்ன பெரிய விஷயம்? எஞ்சினுக்குள் ஓடுகிற ஆயில், தேய்ந்த இரும்புத் துகளையும் கரியையும் அள்ளிக்கொண்டு வரும். அதையெல்லாம் தன்னிடம் பிடித்து வைத்துக்கொண்டு, நல்ல ஆயிலை மட்டும் திருப்பி அனுப்புகிற ஒரு தகர டப்பா. உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம். அவ்வளவுதான். ஆனால் ஃபில்டர் வாங்குவது என்றாலே கரியமாணிக்கத்துக்குப் பயம். காரணம் அவன் மச்சான்.

மச்சானும் ஒரு ஜீப் வைத்திருந்தான். போன வருஷம் ஏதோ ஒரு மட்டமான ஃபில்டரை மாட்டிக்கொண்டு மலையேறினான். ஏழாவது வளைவில் எஞ்சின் இறுகி நின்றது. நின்றது நின்றதுதான். இப்போது அதில் ஒரு காட்டுக்கோழிக் குடும்பம் வசிக்கிறது. ரேஷன் கார்டில் முகவரியே 'ஏழாவது வளைவு, முன்சீட்டு' என்றுதான் இருக்கிறது. அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் கரியமாணிக்கம் கண்ணை மூடிக்கொள்வான். வண்டி ஓட்டுகிறவன் செய்யக் கூடாத காரியம், ஆனாலும் மூடிக்கொள்வான்.

மச்சான் விவகாரத்துக்குப் பிறகு பெருந்தேவி சும்மா இருப்பாரா? படிவம் ஏழு என்று ஒன்றைக் கொண்டுவந்தார். மலைக்கு மேலே போகிற எந்த வண்டியானாலும் அதைப் பூர்த்திசெய்து செக்போஸ்டில் கொடுக்க வேண்டும். அதில் மூன்று கேள்விகள். ஃபில்டர் நல்லதா? ஃபில்டரின் உட்புறம் பார்வையிடப்பட்டதா? பார்வையிடப்பட்ட அதே ஃபில்டர்தான் வண்டியில் மாட்டப்பட்டுள்ளதா? மூன்றுக்கும் 'ஆம்' இருந்தால்தான் மூங்கில் தடுப்பு மேலே எழும்பும்.

படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு கரியமாணிக்கம் நல்லசிவத்தின் கடைக்குப் போனான். நல்லசிவம் ஒரு நரி. பழைய வண்டிகளுக்கு உதிரிப் பாகம் விற்கிற கடை அந்தக் காட்டிலேயே அது ஒன்றுதான்.

"அண்ணே, நம்ம வண்டிக்கு நல்ல ஃபில்டரா ஒண்ணு வேணும்."

"நம்ம கடையில எல்லாமே நல்லதுதான் முதலாளி," என்று நல்லசிவம் ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினான். ஐந்து ஃபில்டர்கள். ஐந்தும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு நிறம், கையில் எடுத்தால் கனமாக இருந்தன. "இந்தக் காலத்துல இந்த வண்டிக்குச் சரக்கு வர்றதே அபூர்வம். அஞ்சுதான் இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு ஒண்ண எடுத்து மாட்டுங்க."

கண்ணை மூடிக்கொண்டா? அவனிடம் போய் இதைச் சொல்லலாமா? கரியமாணிக்கம் ஒவ்வொன்றாக முகர்ந்தான். நக்கிப் பார்த்தான். காதில் வைத்துக் கேட்டான். "இது உள்ள எப்படி இருக்கும்?" என்றான் பாவமாக.

அந்த நேரம் பார்த்து மேலே கிளை ஆடியது. கொடிவீரன் இறங்கினான். கொடிவீரன் ஒரு குரங்கு. வாகனங்களைப் பற்றிக் கைப்பேசியில் காணொளி போடுகிறவன். சொந்தமாக வண்டி கிடையாது. ஓட்டவும் தெரியாது. ஆனால் எண்பதாயிரம் பேர் அவன் சொல்வதைக் கேட்டுத்தான் வண்டி ஓட்டினார்கள்.

"மாணிக்கண்ணே, வெளிய பார்த்து ஃபில்டர் வாங்குறவன் ஏமாளி," என்றான். "மடிப்பு எத்தனை, பசை ஒழுங்கா ஒட்டியிருக்கா, உள்ள இருக்குற வால்வு தகரமா பிளாஸ்டிக்கா, இதெல்லாம் உள்ள போய்ப் பார்க்கணும். அதுக்கு ஒரே வழிதான் இருக்கு. அறுக்கணும்."

அறுப்பதற்கு ஆள் தயாராகவே இருந்தாள். கொத்தாயி என்கிற மரங்கொத்தி, கொடிவீரனின் கூட்டாளி. டப்பாவின் விளிம்பைச் சுற்றி டக்டக்டக்கென்று ஒரு சுற்று வந்தாளானால் மூடி தனியாகக் கழன்று விழும். ஒரு பிசிறு இருக்காது. அதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

முதல் ஃபில்டரை அறுத்தார்கள். கொடிவீரன் காகிதத்தை உருவி மடிப்பை எண்ணினான். ஐம்பத்தாறு. பசை ஒரு இடத்திலும் விடவில்லை. வால்வு கெட்டியான எஃகு. "அண்ணே!" என்று கத்தினான். "இந்த மாதிரி ஒரு ஃபில்டரை என் வாழ்நாள்ல பார்த்ததில்ல!"

கரியமாணிக்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்ப இதையே மாட்டிருவோம்!"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மூடி ஒரு பக்கம் கிடந்தது. டப்பா ஒரு பக்கம் கிடந்தது. ஐம்பத்தாறு மடிப்பும் பிரித்துப்போட்ட புடவை போல நீளமாகக் கிடந்தது.

"இத மாட்ட முடியாதுண்ணே," என்றாள் கொத்தாயி. "அறுத்தாச்சே."

"பரவாயில்ல, இன்னும் நாலு இருக்குல்ல? எல்லாம் ஒரே கம்பெனிதான?" என்றான் கரடி. அவன் வாழ்க்கையில் பேசிய மிகப் புத்திசாலித்தனமான வாக்கியம் அது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

கொடிவீரன் அவன் தோளில் கை போட்டான். "ஒரே வயித்துல பொறந்த அண்ணன் தம்பியில அண்ணன் நல்லவன்னா தம்பியும் நல்லவனா இருக்கணும்னு சட்டமா? ஒங்க மச்சானையும் ஒங்க வீட்டம்மாவையும் எடுத்துக்கங்க."

கரியமாணிக்கம் மச்சானை நினைத்துப் பார்த்தான். ஏழாவது வளைவை நினைத்துப் பார்த்தான். "இன்னொண்ணை அறுங்க" என்றான்.

இரண்டாவதும் ஐம்பத்தாறு மடிப்பு. அதுவும் தங்கமான ஃபில்டர். அதாவது, தங்கமான ஃபில்டராக இருந்தது.

அறுக்காமலே உள்ளே பார்க்க வழியில்லையா என்று கரியமாணிக்கம் யோசித்தான். இருட்டில் சத்தம் அனுப்பியே எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிற வௌவால் ஞாபகம் வந்தது. பட்டப்பகலில் ஆலமரத்தடிக்குப் போய், தலைகீழாகத் தூங்கிக்கொண்டிருந்ததை உலுக்கி எழுப்பி, மூன்றாவது ஃபில்டரை நீட்டினான். வௌவால் ஒரு கண்ணை மட்டும் திறந்து, கீச்சென்று சத்தம் விட்டு, எதிரொலியைக் கேட்டது.

"உள்ள என்னமோ இருக்கு," என்றது. "பூச்சி இல்ல. அதனால எனக்கு அதைப் பத்தி ஒரு அபிப்பிராயமும் கிடையாது." மறுபடி தூங்கிவிட்டது.

சரி, யானையிடமே கேட்டுவிடலாம் என்று கரியமாணிக்கம் ஒரு கையில் அறுத்த ஃபில்டரும் இன்னொரு கையில் அறுக்காத ஃபில்டருமாகச் செக்போஸ்டுக்குப் போனான். வரிசையில் அவனுக்கு முன்னால் ஒரு முயல் நின்றது. தான் உயிரோடு இருப்பதாகச் சான்று வாங்க வந்த முயல். காதை ஆட்டிக் காட்டியும் போதவில்லை, போட்டோ கேட்டிருந்தார்கள். ஒருவழியாக இவன் முறை வந்தது.

"மேடம், இது உள்ள பாத்தாச்சு. ரொம்ப நல்லது. ஆனா மாட்ட முடியாது. இத மாட்டலாம். ஆனா உள்ள பாக்கல."

பெருந்தேவி மூக்குக் கண்ணாடியைத் தும்பிக்கையால் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார். "முதல் ஃபில்டருக்கு மூணாவது கேள்வி இடிக்குது. ரெண்டாவது ஃபில்டருக்கு ரெண்டாவது கேள்வி இடிக்குது."

"அப்ப நான் என்னதான் மேடம் பண்றது?"

"பார்வையிட்டதா இருக்கணும், மாட்டினதாவும் இருக்கணும். இதுல உங்களுக்கு என்ன குழப்பம்?"

"ரெண்டும் ஒண்ணா எப்படி மேடம் இருக்கும்?"

"அது விண்ணப்பதாரர் பாத்துக்க வேண்டியது," என்றார் பெருந்தேவி. குரலில் கோபமே இல்லை. அதுதான் கரியமாணிக்கத்தைக் கலங்கடித்தது. கோபமாக இருந்தாலாவது கெஞ்சிப் பார்க்கலாம்.

திரும்பி வருகிற வழியில் குட்டையை எட்டிப் பார்த்தான். குச்சியில் ஏழு கோடுதான் தண்ணீரில் இருந்தது. குட்டி ஆமை ஒன்று அவனைப் பார்த்ததும் தன் சின்னஞ்சிறு பெட்டியோடு கரையேறி வந்தது. "கிளம்பிட்டமா மாமா?" என்றது. "நாளைக்குடா தங்கம்" என்றான். நாளைக்கு இல்லை என்று அவனுக்கே தெரியும்.

மூன்றாவதை அறுத்தார்கள். அருமை. நான்காவதை அறுத்தார்கள். கொடிவீரன் காணொளியிலேயே விம்மினான். அந்த ஃபில்டருக்கு மட்டும் நாலாயிரம் பேர் இதயம் அனுப்பினார்கள். ஐந்தாவதை அறுக்கும்போது கரியமாணிக்கம் குறுக்கே விழுந்து, "வேணாம், இது ஒண்ணாவது முழுசா இருக்கட்டும்!" என்று மன்றாடினான்.

"நாலும் நல்லதா இருந்திருக்கு," என்றான் கொடிவீரன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு. "தொடர்ந்து அஞ்சாவதும் நல்லதா இருக்கும்னு நம்புறீங்களா? உலகம் அவ்வளவு நல்ல எடமாண்ணே?"

கரியமாணிக்கம் உலகத்தைப் பற்றி யோசித்தான். அந்த யோசனை முடிவதற்குள் டக்டக்டக்கென்று கொத்தாயி ஒரு சுற்று முடித்துவிட்டாள். ஐம்பத்தாறு மடிப்பு. ஐந்தில் அதுதான் மிகச் சிறந்தது என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

அப்போது கடை வாசலுக்கு மெல்லம்மா வந்து சேர்ந்தாள். அவள் கிளம்பியபோது மூன்று ஃபில்டர் பாக்கி இருந்தது. தரையில் சுருள் சுருளாகக் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். கரடியைப் பார்த்தாள்.

"தண்ணி இன்னைக்கு மூணு கோடு இருக்கும் தம்பி," என்றாள். "திட்டலாம்னுதான் வந்தேன். வந்து சேர்றதுக்குள்ள கோபமெல்லாம் ஆறிப்போச்சு."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கரியமாணிக்கம் நல்லசிவத்தின் காலில் விழாத குறையாக, "அண்ணே, வேற எதுவுமே இல்லையா?" என்றான்.

நல்லசிவம் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்தான். தங்க நிறம். கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. மேலே மயில் படம். மயிலுக்குக் கீழே, சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறுகிற முத்திரை. 'நல்லது. உட்புறம் பார்வையிடப்பட்டது. அதே ஃபில்டர்தான்' என்று அச்சிட்டிருந்தது.

"படிவம் ஏழு வந்ததுலேர்ந்து இந்த மாடல்தான் வருது," என்றான் நல்லசிவம். "எங்க சித்தப்பா மகன் கொல்லையில தயார் பண்றான்."

கரியமாணிக்கம் வாங்கிப் பார்த்தான். உள்ளங்கையில் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு லேசு. ஆட்டினான். சத்தமில்லை. இது சரியில்லை என்று அவன் உடம்பில் ஒவ்வொரு மயிரும் சொன்னது. கரடிக்கு எத்தனை மயிர் என்று உங்களுக்கே தெரியும்.

"அறுக்கட்டுமா?" என்று கொத்தாயி பறந்து வந்தாள்.

"எதுக்கு?" என்றான் கொடிவீரன். "அதான் பார்வையிட்டதுன்னு போட்டிருக்கே. போட்டிருக்குறதை நம்பலைன்னா அப்புறம் எதைத்தான் நம்புறது?"

கரியமாணிக்கம் மெல்லம்மாவைப் பார்த்தான். பிறகு அந்த டப்பாவோடு போய் ஜீப்புக்கு அடியில் படுத்தான். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: அவனுக்கு வேலை தெரியும். பழைய ஆயிலை ஒட்ட வடித்தான். ஒன்பது வருஷமாக இறுகிக் கிடந்த பழைய ஃபில்டரை உறுமிக்கொண்டே திருகிக் கழற்றினான். அதன் ரப்பர் வளையம் எஞ்சின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். அது தெரியாமல் புதியதை மாட்டினால் ஆயில் ஒழுகும். புது வளையத்தில் ஒரு விரல் ஆயில் தடவி, கையாலேயே திருகி, உட்கார்ந்ததும் இன்னும் முக்கால் திருகு மட்டும் இறுக்கி, புது ஆயிலை ஊற்றினான். அந்த வெற்றுப் பளபளப்புக்கு அவன் அத்தனை மரியாதை செய்தான். கழற்றிப்போட்ட பழையதையும் விடாமல் கொத்தாயி அறுத்து, "இதுவும் நல்லதாத்தான் இருந்திருக்கு" என்றாள்.

மறுநாள் காலை பதினோரு ஆமைகளும் ஜீப்பில் ஏறின. மெல்லம்மா முன்சீட்டில் உட்கார்ந்தாள். செக்போஸ்டில் பெருந்தேவி குனிந்து முத்திரையைச் சாய்த்துப் பார்த்தார், நிறம் மாறியது. படிவத்தில் மூன்று கேள்விக்கும் 'ஆம்' இருந்தது. "இவ்வளவு சுலபமான விஷயத்துக்கு இத்தனை நாளா?" என்று கடிந்துகொண்டே தடுப்பைத் தூக்கினார்.

முதல் வளைவில் கரியமாணிக்கம் ஆயில் அழுத்த முள்ளைப் பார்த்தான். பார்த்தவன் திரும்பவும் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அந்த முள் அப்படி விறைப்பாக நின்றதே கிடையாது. ஆயில் தடையில்லாமல் குபுகுபுவென்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் வளைவு, மூன்றாம் வளைவு, ராசாத்தி பறந்தாள். இடது வளைவிலெல்லாம் ஹாரன் தானே அடித்தது. குட்டி ஆமைகள் ஊவென்று கத்தின. நூற்றுப்பத்து வருஷமாக வேகம் என்பதையே அறியாத மெல்லம்மா தலையை முழுசாக வெளியே நீட்டி, "தம்பி, காத்து! மூஞ்சியில காத்து அடிக்குது!" என்று கூவினாள். ஏழாவது வளைவில் காட்டுக்கோழிக் குடும்பம் முன்சீட்டிலிருந்து கையசைத்தது. கரியமாணிக்கம் முதல் முறையாகக் கண்ணை மூடாமல் அந்த வளைவைக் கடந்தான்.

மத்தியானத்துக்குள் மேலச்சுனை. பதினோரு ஆமைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்குள் விழுந்த சத்தத்தைக் கேட்டு அவன் கரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். சந்தோஷ அழுகைதான். காப்பாற்றிவிட்டான் அல்லவா?

மரம் மரமாகத் தாவி அவர்களுக்கு முன்பே மேலே வந்திருந்த கொடிவீரன் கைப்பேசியை நீட்டினான். "வேலை முடிஞ்சுதுண்ணே. இப்ப அறுத்துப் பாக்கலாமா? எண்பதாயிரம் பேர் காத்துக்கிட்டிருக்காங்க." ஜீப்பில் எப்போதும் ஒரு பழைய ஃபில்டரும் ஒரு கேன் ஆயிலும் கிடக்கும், இறங்குகிறதற்கு அது போதும். கழற்றிக் கொடுத்தான். கூடவே பறந்து வந்திருந்த கொத்தாயி டக்டக்டக்கென்று ஒரு சுற்று வந்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை.

காகிதம் இல்லை, வால்வு இல்லை, ஒரு மடிப்புகூட இல்லை. வெறும் டப்பா. ஆயில் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அத்தனை இரும்புத் துகளும் கரியும் மலையேறுகிற நேரம் முழுக்க ராசாத்தியின் உடம்பிலேயே சுற்றியிருக்கின்றன.

கொடிவீரன் டப்பாவுக்குள் விரலை விட்டுத் துடைத்தான். விரலில் ஆயில் மட்டும்தான் ஒட்டியது. அவன் முகம் மெல்ல மலர்ந்தது. கைப்பேசியைப் பார்த்து, "நண்பர்களே," என்றான். "இவ்வளவு பெரிய மலை ஏறியிருக்கு. உள்ள பாருங்க. ஒரு பொட்டு அழுக்கு இல்ல!"

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் விலாவாரியாகச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அழுக்கே படாத அந்த டப்பாவைப் பார்க்கக் காடே திரண்டது. மாலை போட்டார்கள். பெருந்தேவி தன் உரையில், "தடை என்ற சொல்லையே அறியாதது, எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாதது" என்று மனதாரப் பாராட்டினார். சிங்கத்தின் நாற்காலி காலியாக இருப்பது யாருக்கோ ஞாபகம் வந்தது. டப்பா அதில் கச்சிதமாகப் பொருந்தியது. அன்றிலிருந்து கோப்புகளை மேல் பக்கம் போட்டால் கீழ்ப் பக்கம் விழுந்துவிடும். படிவம் ஏழைக்கூட யாரும் படித்துப் பார்ப்பதில்லை, ஒரு கோப்புகூடத் தேங்குவதில்லை. சிங்கம் இருந்த காலத்தில் இப்படி நிர்வாகம் நடந்ததா என்று அந்த முயலே கேட்டது. அதற்குச் சான்று கிடைத்துவிட்டது.

கரியமாணிக்கம் மட்டும் வாய் திறக்கவில்லை. நல்லசிவத்துக்கு வெளியூரிலிருந்து வந்த கறுப்பு ஃபில்டர் ஒன்றை, யார் கண்ணிலும் படாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து மாட்டினான். எல்லோரும் மாட்டுகிற தங்க நிறத்தை அவன் மாட்டவில்லை. அறுக்கவும் விடவில்லை. மூன்று மாதம் மெல்லம்மாவைப் பார்க்க வாரம் ஒருமுறை மேலே போய்வந்தான். முள் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. அந்த ஒரு பயணத்தில் கீறிக்கொண்ட எஞ்சின் உள்ளே தேய்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் ஏழாவது வளைவில், மச்சான் வண்டிக்குப் பக்கத்திலேயே, ராசாத்தி ஒரு பெருமூச்சு விட்டு நின்றாள். நின்றது நின்றதுதான். காட்டுக்கோழியின் மூத்த மகளுக்கு அந்த மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. தனிக்குடித்தனம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

விசாரணை நடந்தது. நாற்காலியில் டப்பா. பக்கத்தில் பெருந்தேவி. ஜீப்பிலிருந்து கழற்றிய கறுப்பு ஃபில்டரைக் கொத்தாயி சபை நடுவே அறுத்தாள். ஐம்பத்தாறு மடிப்பிலும் கரி. இரும்புத் தூள். கறுப்பு அல்வா போல ஒரு கை நிறைய அழுக்கு. சபை முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டது.

"மேடம், நல்லாப் பாருங்க," என்று கரியமாணிக்கம் கதறினான். "அந்தத் தகரம் பண்ணின நாசத்தையெல்லாம் இதுதான் புடிச்சு வச்சிருக்கு! இது இல்லைன்னா எப்பவோ நின்னிருக்கும்! மூணு மாசம் என் ராசாத்திய உசுரோட வச்சிருந்தது இதுதான்!"

பெருந்தேவி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "அழுக்கு இதுகிட்டதான இருந்துச்சு?"

"ஆமா மேடம், ஆனா..."

"தலைவர்கிட்ட இருந்துச்சா?"

கரியமாணிக்கம் நாற்காலியைப் பார்த்தான். தங்க டப்பா பளபளவென்று மின்னியது. "இல்ல மேடம்," என்றான். அதுவும் உண்மைதானே?

அழுக்கோடு பிடிபட்ட குற்றத்துக்காகக் கறுப்பு ஃபில்டரைச் செக்போஸ்ட் கம்பத்தில் எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிட்டார்கள். அந்தப் பக்கம் போகிற தாய்மார்கள் குட்டிகளுக்கு அதைக் காட்டி, அப்படி ஆகிவிடாதே என்று புத்தி சொன்னார்கள். கரியமாணிக்கம் தினமும் காலையில் தேக்கிலையோடு வந்து, யாரும் பார்க்காதபோது அதன் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனான். சேதி கேட்டு மேலச்சுனையிலிருந்து சாட்சி சொல்ல மெல்லம்மா கிளம்பிவிட்டாள். விசாரணை முடிந்து நான்கு நாள் ஆகிறது. அவள் இப்போது பதினோராவது வளைவில் வந்துகொண்டிருக்கிறாள்.

நீதி: அழுக்கைப் பிடித்து வைப்பவனை அறுத்தால் அழுக்குதான் தெரியும், உள்ளே ஒன்றுமில்லாதவனை அறுத்தால் சுத்தமாக இருப்பான், ஆகவே பிள்ளைகளே, நாற்காலி வேண்டுமானால் உள்ளே எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், வெளியே மயில் படம் இருந்தால் போதும்.